ஜப்பானிய வண்ண மர அச்சுப் படநூல்: எந்தப் பிரதியை வாங்குவது?

ஜப்பானிய மர அச்சுப் படநூல் ஒன்றையாவது சொந்தமாக வாங்கிவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். புகழ்பெற்ற ஓவியர் ஹொகுசாயின் பெயர் போட்ட ஒற்றைத் தொகுதி ஒன்று, ஓரம் தேய்ந்திருந்தாலும், கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது. அதே பணத்துக்கு, பெயரே கேள்விப்படாத ஓவியர் ஒருவரின் மெய்ஜி காலப் (1868–1912) பறவை நூல் நல்ல நிலையில் வருகிறது. இடையில் யாராவது ஒருவர், "பழசு எதற்கு? அழகான நகல் இருக்கிறதே" என்கிறார். இன்னொருவர் எல்லாம் இணையத்திலேயே இலவசமாக இருக்கிறது என்கிறார். இந்த நான்கு வழிகளிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் குழப்பம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓவியரின் பெயரைவிட அச்சின் தரத்துக்குப் பணம் கொடுங்கள். தேய்ந்துபோன அச்சுக் கட்டையில் அடித்த, உதமரோ போன்ற பெரிய ஓவியரின் நூலைவிட, புதுக் கட்டையில் கவனமாக அடித்த சாதாரண ஓவியரின் நூல் இந்தக் கலையை உங்களுக்கு அதிகம் காட்டும். ஏன் என்று சொல்ல, இந்த நூல்கள் எப்படி உருவாயின என்பதைக் கொஞ்சம் பார்த்தாக வேண்டும்.

ஒரே தலைப்பு, பல அச்சுகள்

ஒரு படநூலுக்குப் பின்னால் நான்கு பேர் இருப்பார்கள். பதிப்பாளர் முதல் போடுவார், ஓவியர் வரைவார், செதுக்குபவர் கட்டை வெட்டுவார், அச்சிடுபவர் நிறம் ஏற்றுவார். ஓவியர் மெல்லிய தாளில் வரைந்து கொடுத்ததைச் செதுக்குபவர் செர்ரி மரப் பலகையில் குப்புற ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் குடைந்தெடுப்பார். ஓவியம் அதோடு அழிந்துபோகும். அப்புறம் ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாகக் கட்டை வெட்டுவார்கள். எல்லாக் கட்டைகளிலும் ஒரே இடத்தில் 'கென்தோ' என்கிற அடையாள வெட்டு இருக்கும். தாளின் மூலையையும் விளிம்பையும் அதில் பொருத்தி வைத்தால் ஒரு நிறம் இன்னொன்றின் மேல் விலகாமல் உட்காரும். ஈரப்பதமான தாளைக் கட்டையின் மேல் போட்டு, மூங்கில் மடல் சுற்றிய 'பாரென்' என்கிற வட்டத் தேய்ப்பானால் கையால் தேய்த்து அச்சிடுவார்கள். அச்சு இயந்திரம் எதுவும் கிடையாது.

எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், முழு வண்ண மர அச்சு 1765 வாக்கில் ஹருநொபு என்ற ஓவியரின் கைவண்ணத்தில் மலர்ந்தது. ஐந்தே ஆண்டுகளில் அது நூலுக்கும் வந்துவிட்டது. 1770-இல் ஹருநொபு, எடோவின் கேளிக்கைப் பகுதியான யோஷிவாராவின் பெண்களை வரைந்த ஐந்து தொகுதி நூலும், பூஞ்சோ, ஷுன்ஷோ என்ற ஓவியர்கள் கபுகி நாடக நடிகர்களை விசிறி வடிவச் சட்டங்களுக்குள் வரைந்த நூலும் வெளிவந்தன. உச்சம் என்று நான் சொல்வது 1788 முதல் 1790 வரையிலான சில ஆண்டுகளை. த்சுதாயா ஜூஸபுரோ என்ற பதிப்பாளரும் உதமரோவும் சேர்ந்து பூச்சிகள், சிப்பிகள், பறவைகள் என்று கவிதையோடு கூடிய படநூல்களை அப்போது கொண்டுவந்தார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். கட்டை பதிப்பாளரின் சொத்து. நூல் விற்கும்வரை அதிலிருந்து அடித்துக்கொண்டே இருப்பார். கடையை மூடினால் கட்டையை இன்னொருவருக்கு விற்பார். வாங்கியவரும் அடிப்பார். இப்படியே பல பத்தாண்டுகள் போகும். கடைசிப் பக்கத்தில் ஆண்டும் பெயரும் இருக்கும் பதிப்பு விவரமும் கட்டையில் வெட்டியதுதான் என்பதால், பல நேரம் ஆண்டை மாற்றாமலே அடித்துவிடுவார்கள். ஆகவே 1814 என்று போட்ட நூல் 1814-இல் அச்சிட்டதாகவும் இருக்கலாம், அதற்கு அறுபது ஆண்டு கழித்து அச்சிட்டதாகவும் இருக்கலாம். விற்பவர் "1814" என்று எழுதியிருந்தால் அது பொய்யல்ல. ஆனால் நமக்கு வேண்டிய தகவல் அதில் இல்லை. கட்டை புதிதாக இருந்தபோது அடித்ததை முன்னச்சு என்றும், பிற்காலத்தில் அடித்ததைப் பின்னச்சு என்றும் இங்கே சொல்கிறேன்.

எதை வைத்து எடை போடுவது

முதலில் கோடு. கூந்தல், இமை, பூச்சியின் மீசை போன்ற இடங்களில் கோடு முடிபோல ஓடுகிறதா, தடித்து இடையிடையே அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது நிறம்: எத்தனை கட்டைகள் பயன்பட்டிருக்கின்றன, வானத்தில் நிறம் மெல்லக் கரைகிறதா, மங்கியிருக்கிறதா. மூன்றாவது முழுமை: எல்லாத் தொகுதிகளும் இருக்கின்றனவா, தாள் ஏதும் குறைகிறதா, அட்டையில் தலைப்புச் சீட்டு இருக்கிறதா. நான்காவது, வாங்கிய பிறகு ஆகும் செலவும் பாதுகாப்பும். கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமாக, உங்களுக்கு எதற்கு? தொட்டுப் புரட்ட வேண்டுமா, ஆய்வு செய்ய வேண்டுமா, வடிவங்களைக் கற்று வரைய வேண்டுமா, சுவரில் மாட்ட வேண்டுமா? கடைசி நோக்கத்துக்கு நூலே வேண்டாம். தனி அச்சு வாங்குங்கள்.

| | கோடு, நிறம் | விலை | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| எடோ கால (1868-க்கு முன்) முன்னச்சு | உச்சம் | மிக அதிகம் | நிபுணர் கருத்து, காப்பு, வெளிச்சக் கட்டுப்பாடு | அனுபவமுள்ள சேகரிப்பாளர் |
| அதே கட்டையின் பின்னச்சு | நூலுக்கு நூல் மாறும் | குறைவு முதல் நடுத்தரம் | தவறான காலக் கணிப்பு, குறைந்த தாள்கள் | நேரில் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடிந்தவர் |
| மெய்ஜி கால நூல், அதன் முதல் அச்சில் | பெரும்பாலும் மிக நன்று | நடுத்தரம் | தொகுதிகளைச் சேர்ப்பது | முதல் நூல் வாங்குபவர் |
| மறுசெதுக்கல் நகல் | நன்று, ஆனால் வேறு கை | நடுத்தரம் | மூலம் என்று ஏமாறும் ஆபத்து | கைத்தொழில் கற்பவர் |
| இணையப் பிரதி | பார்க்கலாம், தொட முடியாது | இலவசம் | நேரம் | எல்லோரும், முதலில் |

எடோ கால முன்னச்சு

1788-இல் வந்த உதமரோவின் பூச்சி நூலையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு விரிப்பிலும் செடியும் பூச்சியும், கூடவே கவிதையும். நல்ல முன்னச்சில் பளபளப்பு வேண்டிய இடங்களில் அப்பிரகத் தூள் சேர்த்திருப்பார்கள். நேராகப் பார்த்தால் தெரியாது, பக்கத்தைச் சாய்த்தால்தான் மின்னும். சிப்பி நூலில் இது இன்னும் நன்றாகத் தெரியும். அப்பிரகமும் உலோகத் தூளும் சேர்ந்து சிப்பியின் உள்பக்க மினுமினுப்பைத் தாளிலேயே கொண்டுவந்திருக்கின்றன. சில நூல்களில் மையே இல்லாமல் வெறும் கட்டையை அழுத்திப் புடைப்பை மட்டும் எடுத்திருப்பார்கள். பனி, வெள்ளை இறகு, வெண்துணி எல்லாம் இப்படித்தான். இவற்றைப் புகைப்படம் சரியாகக் காட்டாது. முன்னச்சுக்கு இவ்வளவு விலை சொல்வதற்கு இது முதல் காரணம்.

இந்த நூல்களில் பல கவிதைக் குழுக்களின் ஆதரவோடு வந்தவை. வாசிக்கப் போவது ரசனை உள்ள, கையில் காசும் உள்ள ஒரு சிறு கூட்டம். அதனால் தாளிலும் நிறத்திலும் தாராளம் காட்டினார்கள்.

ஆனால் நிறங்கள் மென்மையானவை. சிவப்பு குசும்பப்பூவிலிருந்து வருவது, வெளிச்சத்தில் வெளுக்கும். பழைய நீலங்களில் ஒன்று பகலில் மட்டும் பூக்கும் ஒரு சிறு பூவின் சாறு. ஈரம் பட்டாலே போய்விடும், வெளிச்சத்தில் பழுப்பாகும். ஈயச் செந்தூரம் கறுத்துப்போகும். அருங்காட்சியகங்கள் இவற்றை ஏறக்குறைய 50 லக்ஸ் வெளிச்சத்தில்தான் வைக்கின்றன, அதுவும் குறைந்த காலத்துக்கு. வீட்டில் அப்படி வைத்துக்கொள்ள முடியாதவர் இவ்வளவு பணம் போடுவதில் அர்த்தமில்லை. முதல் நூலாக இதை வாங்க வேண்டாம் என்பதே என் எண்ணம். நல்லதும் சுமாரானதுமாகப் பல பிரதிகளைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் இந்த விலைக்கு என்ன கிடைக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

அதே கட்டையின் பின்னச்சு

சந்தையில் அதிகம் கிடைப்பது இதுதான். ஏமாற்றமும் இங்கேதான் அதிகம், கொஞ்சம் கண் இருந்தால் லாபமும் இங்கேதான். ஹொகுசாயின் 'மாங்கா' என்ற ஓவியத் தொகுப்பு நூலின் தொகுதிகளைப் பாருங்கள். 1814-இல் முதல் தொகுதி நகோயாவின் எய்ராகுயா பதிப்பகத்தில் வந்தது. ஹொகுசாய் 1849-இல் இறந்தார். பதினைந்தாவது தொகுதி வந்தது 1878-இல். இத்தனை காலமும் பழைய தொகுதிகளை மறுபடி மறுபடி அச்சிட்டார்கள். ஆகவே ஹொகுசாய் மாங்கா என்று வரும் பிரதிகளில் கணிசமானவை மெய்ஜி காலத்தில் அடித்தவை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது பல வண்ண நூல் அல்ல. கறுப்பு, சாம்பல், இளஞ்சிவப்பு என்று மூன்று நிறம்தான். 1834-இல் தொடங்கிய அவருடைய 'ஃபுஜி மலையின் நூறு காட்சிகள்' நூலும் கறுப்பும் சாம்பலும் மட்டுமே. ஹொகுசாயின் புகழ்பெற்ற பேரலைப் படத்தின் நீலத்தை மனதில் வைத்துக்கொண்டு இதை வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஆனால் அந்தச் சாம்பல் நல்ல அச்சில் எத்தனை படிகளாக இறங்குகிறது என்று பார்த்தவர்கள் வண்ணம் கேட்க மாட்டார்கள்.

பின்னச்சைக் கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. பக்கத்தைச் சுற்றியுள்ள எல்லைக் கோட்டிலிருந்து தொடங்குங்கள். கட்டையில் முதலில் அடிபடுவது அதுதான், மூலைகளில் உடைந்து இடைவெளி விழுந்திருக்கும். அப்புறம் முகங்கள். தேய்ந்த ரப்பர் ஸ்டாம்ப் போலக் கோடு பருத்து, கண்ணும் புருவமும் ஒட்டிக்கொள்ளும். அடுத்து நிறம். படிப்படியாகக் கரைய வேண்டிய வானம் ஒரே பட்டையாக இருக்கும், அல்லது ஒரு நிறக் கட்டையையே விட்டிருப்பார்கள். கண்ணைக் குத்தும் சிவப்போ ஊதாவோ இருந்தால் அனிலின் என்ற செயற்கைச் சாயம் என்று சந்தேகப்படுங்கள். அது மெய்ஜி காலச் சரக்கு.

கடைசிப் பக்கத்துக்கு வாருங்கள். பதிப்பாளரின் முகவரியில் எடோவுக்குப் பதிலாக டோக்கியோ என்று இருந்தால் 1868-க்குப் பிந்தியது, ஏனென்றால் பெயர் மாறியதே அந்த ஆண்டுதான். மாகாணத்தின் புதுப் பெயர், அதாவது ஐச்சி போன்ற ஆட்சிப் பிரிவு இருந்தால் 1871-க்கும் பிந்தியது. ஹொகுசாய் மாங்காவில் எய்ராகுயாவுக்குப் பதில் கதானோ தோஷிரோ என்ற பெயர் இருந்தால் அதே பதிப்பகம்தான், மெய்ஜி காலத்துப் பெயரில். அட்டையின் உள்பக்கத்தில் பதிப்பாளர் தன் மற்ற நூல்களை விளம்பரம் செய்திருந்தால் அதையும் விடாதீர்கள். அந்தப் பட்டியலில் 1840-இல் வந்த நூல் இருந்தால், கையில் இருக்கும் பிரதி அதற்கு முந்தியதாக இருக்க முடியாது.

புழு அரித்த தடங்களைக்கூட இதற்குப் பயன்படுத்தலாம். பழைய ஜப்பானிய நூல்களில் பூச்சி துளை சாதாரணம், அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு துளை கடைசிப் படத்தாளில் எங்கே இருக்கிறதோ, பதிப்பு விவரத் தாளிலும் அதே இடத்தில் தொடர்கிறதா என்று பாருங்கள். தொடர்ந்தால் இரண்டும் நீண்ட காலமாக ஒன்றாக இருந்தவை. படத்தாளில் துளைகள் நிறைந்து, விவரத் தாள் மட்டும் சுத்தமாக இருந்தால், அது வேறு பிரதியிலிருந்து வந்து சேர்ந்திருக்கலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகு, நடுத்தரக் காலப் பின்னச்சு ஒன்று, கட்டை இன்னும் கூர்மையாக இருந்தபோது அடித்தது, நியாயமான விலையில் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். 1802-இல் நகமுரா ஹோச்சு வெளியிட்ட, கோரின் என்ற பழைய ஓவியரின் பாணியிலான படநூலும் 1826-இல் மறுபடி வந்தது. அத்தகைய மறு அச்சுகளில் அழகானவை உண்டு. கடைசிக் கால அச்சைப் பெயருக்காக மட்டும் வாங்காதீர்கள் என்பதுதான் நான் சொல்வது.

மெய்ஜி கால நூல், அதன் சொந்த முதல் அச்சில்

முதல் நூல் வாங்குகிறவருக்கு என் பரிந்துரை இது. 1868-க்குப் பிறகு மர அச்சு செத்துவிட்டது என்று ஒரு நினைப்பு பலருக்கு இருக்கிறது. செய்தித்தாளும் புகைப்படமும் கல்லச்சும் வந்து பழைய வியாபாரத்தைக் குறைத்தது உண்மைதான். ஆனால் கியோட்டோவில் பட்டு நெசவும் கிமோனோ வடிவமைப்பும் இந்தத் தொழிலுக்குப் புது உயிர் கொடுத்தன. செதுக்குபவர்களின் திறமை அப்போதுதான் எல்லை தாண்டியது. ஈரத் தூரிகை தாளில் பரவும் விதத்தையே கட்டையில் கொண்டுவந்தார்கள்.

கோனோ பைரெய் 1881-இல் நூறு பறவைகளை வரைந்த நூல், வத்தனபே செய்தெய் 1890–91-இல் மூன்று தொகுதியாக வெளியிட்ட மலர்–பறவை நூல், இமாவோ கெய்னென் 1891–92-இல் ஒரு பருவத்துக்கு ஒன்றாக நான்கு தொகுதியில் கொண்டுவந்த நூல் ஆகிய மூன்றையும் தேடிப் பாருங்கள். கெய்னெனின் நூலைப் பதிப்பித்தவர் நிஷிமுரா சோஸாயெமோன் என்ற கியோட்டோ பட்டு வணிகர். அந்த நூலில் இறகின் ஒவ்வொரு இழையும் தனித்தனியே வெட்டப்பட்டிருப்பதைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால், பணம் எங்கே போனது என்று புரியும்.

அடுத்தது வடிவமைப்பு நூல்கள். துணி நெய்பவர்களும் சாயமிடுபவர்களும் பார்த்து வேலை செய்ய வந்த மாதிரிப் புத்தகங்கள் இவை. கமிசகா செக்கா 1909–10-இல் மூன்று தொகுதியாக, அறுபது படங்களோடு வெளியிட்ட நூல் இந்த வகையின் சிகரம். பதிப்பித்த உன்சோதோ 1891-இல் கியோட்டோவில் தொடங்கிய நிறுவனம். இன்றும் பழைய கட்டைகளைப் பாதுகாத்து மர அச்சு செய்துவருகிறது. செக்காவின் மூல அச்சு விலை உயர்ந்தது. ஆனால் அதே காலத்தில் வந்த, அவ்வளவு பெயர் பெறாதவர்களின் வடிவமைப்பு நூல்கள் பல இன்னும் சாதாரண வாசகர் வாங்கும் விலையில் கிடைக்கின்றன. ஓவிய மாணவர், புடவை வடிவமைப்பாளர், கோலம் வரைகிறவர் என்று வடிவத்தோடு பழகுகிற யாரும் இதில் ஒன்றை வைத்துக்கொண்டால் ஆண்டுக்கணக்கில் பயன்படும்.

மூன்றாவது கிளை, சுருக்கத் தாள் நூல்கள். ஹசெகாவா தகெஜிரோ 1885 முதல் டோக்கியோவில் ஜப்பானிய நாட்டுக் கதைகளை ஆங்கிலத்திலும் பிற ஐரோப்பிய மொழிகளிலும் சிறு நூல்களாக வெளியிட்டார். அச்சிட்ட தாளை அழுத்திச் சுருக்கி, துணிபோல ஆக்கியிருப்பார்கள். தாள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும், நிறமோ அடர்ந்து தெரியும். ஆங்கிலத்தில் இருப்பதால் வாசிக்கவும் முடியும். இவற்றுக்கும் மறு அச்சுகள் ஏராளம். ஆண்டு பழையபடியே இருக்கும், ஹசெகாவாவின் முகவரி மட்டும் மாறியிருக்கும். அந்த முகவரியை வைத்துத்தான் காலம் கணிக்கிறார்கள். குழந்தைகள் கையில் புழங்கியவை என்பதால் முதுகு கிழிந்தவை அதிகம், பார்த்து வாங்குங்கள்.

மெய்ஜி நூல்களின் மறைந்த செலவு ஒன்று உண்டு. மூன்று, நான்கு தொகுதிகள் கொண்டவை பிரிந்துபோய் ஒற்றையாக விலைக்கு வரும். ஒன்றை வாங்கிவிட்டு மற்றதைப் பிறகு சேர்க்கலாம் என்றால், அதே கால அச்சில் ஜோடி கிடைப்பது கடினம், கிடைத்தால் விலை ஏறியிருக்கும். முழுத் தொகுப்புக்குக் காத்திருப்பது நல்லது. அல்லது ஒற்றைத் தொகுதியே போதும் என்று முடிவு செய்துவிட்டு நிம்மதியாக அனுபவியுங்கள்.

மறுசெதுக்கல் நகல்

இருபதாம் நூற்றாண்டில் எடோ நூல்களைப் பார்த்துப் புதிதாகக் கட்டை வெட்டி, கையாலேயே அச்சிட்ட நகல்கள் வந்தன. செய்நேர்த்தி பெரும்பாலும் உயர்வு. நிறம் மங்காமல் இருப்பதால், ஹருநொபுவின் பக்கம் அச்சான புதிதில் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கவும் உதவும். மர அச்சு கற்கும் மாணவர்கள் தயங்காமல் தொட்டுப் பார்க்க இதைவிட நல்லது இல்லை.

ஆபத்து ஒன்றுதான். நகலின் கடைசித் தாளில் அதன் சொந்த ஆண்டும் பதிப்பாளர் பெயரும் இருக்கும். அந்தத் தாளைக் கழற்றிவிட்டால் பழகாத கண்ணுக்கு மூலம் போலவே தெரியும். தாள் சந்தேகப்படும் அளவுக்கு வெள்ளையாக, எல்லாப் பக்கமும் ஒரே சீராக, ஒரு துளையும் இல்லாமல் இருந்து "1770" என்று சொன்னால் விலகிவிடுங்கள். இயந்திர அச்சு நகலைக் கண்டுபிடிப்பது சுலபம். உருப்பெருக்கியில் பார்த்தால் புள்ளிப் புள்ளியாகத் தெரியும். மர அச்சில் நிறம் தாளின் இழைக்குள் இறங்கியிருக்கும், பின்பக்கம் பாரென் தேய்த்த தடமும் தெரியலாம்.

நூலிலிருந்து பிரித்த தனித்தாள்

இதை வாங்காதீர்கள். கெய்னெனின் பறவைகளும் ஹொகுசாயின் பக்கங்களும் சட்டம் போட்டு விற்பனைக்கு வருவது, யாரோ ஒரு நூலைப் பிரித்ததால். அழகாக இருப்பதால் விற்கிறது, விற்பதால் இன்னும் பிரிக்கிறார்கள். ஏற்கெனவே சிதைந்துபோன நூலின் மிச்சம் என்று விற்பவர் உறுதியாகக் காட்ட முடிந்தால் மட்டும் வேறு கதை.

அதோடு, தனித்தாளில் படமே முழுதாக இருக்காது. இந்த நூல்களில் பலவற்றில் தாளை அச்சுப் பக்கம் வெளியே தெரியும்படி நடுவில் மடித்து, மடிப்பை வெளி ஓரத்தில் வைத்து, திறந்த பக்கத்தில் தைப்பார்கள். ஆகவே புத்தகத்தைத் திறந்தால் தெரியும் இரண்டு பக்கப் படம், ஒரு தாளின் பாதியும் அடுத்த தாளின் பாதியும் சேர்ந்தது. இரண்டும் வேறு வேறு கட்டையில் அடித்தவை. நல்ல அச்சில் ஒரே கடல் தையலைத் தாண்டி நிறம் மாறாமல் ஓடும். மட்டமான அச்சில் வலப்பக்கக் கடல் ஒரு நீலம், இடப்பக்கக் கடல் இன்னொரு நீலம். முழு நூலை வாங்கும்போது அச்சின் தரத்தை ஐந்து நொடியில் அறிய நான் முதலில் பார்ப்பது இந்தத் தையல் ஓரத்தைத்தான். விசிறி மடிப்பு நூல்களில், உதமரோவின் சிப்பி நூல்போல, இந்தப் பிளவு இல்லை. ஒரே காட்சி தடையில்லாமல் விரியும்.

இணையத்தில் பார்ப்பது

வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஜப்பானின் தேசிய டயட் (நாடாளுமன்ற) நூலகம், கியோட்டோ ரிட்சுமெய்கான் பல்கலைக்கழகத்தின் கலை ஆய்வு மையம், வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் வைத்திருக்கும் புல்வெரர் தொகுப்பு, நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் (மெட்) அருங்காட்சியகம் எல்லாம் பக்கம் பக்கமாக நூல்களை வைத்திருக்கின்றன. மெட் 2017 முதல், பதிப்புரிமை தாண்டிய படைப்புகளின் படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. புல்வெரர் தொகுப்பில் மட்டும் 2,000-க்கு மேற்பட்ட தொகுதிகள்.

ஒரே தலைப்பின் பிரதிகள் பல நிறுவனங்களில் இருக்கும். அவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் திறந்து, ஒரே படத்தின் ஒரே மூலையை ஒப்பிடுங்கள். எந்தப் பிரதியில் எல்லைக் கோடு உடைந்திருக்கிறது, எதில் நிறம் குறைந்திருக்கிறது என்று தானே தெரியும். வாங்க நினைக்கும் பிரதியின் படத்தையும் அந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். ஆய்வு மாணவருக்கும், வரைந்து பழகுபவருக்கும் பெரும்பாலும் இதுவே போதும். இந்த நூல்களில் இருக்கும் பழைய தொடரெழுத்து ஜப்பானியர்களுக்கே எளிதில் வாசிக்க வராது. 2021-இல் வந்த 'மிவோ' என்ற இலவசச் செயலி அதை இன்றைய எழுத்தாக மாற்றிக் காட்டும். கவிதைக்கு முழுதாக நம்ப முடியாது. பதிப்பாளர் பெயர், ஊர்ப் பெயர் தேட நன்றாக உதவும்.

திரை தராதது ஒன்றுதான். இந்த நூல்கள் கையில் பிடித்து, சாய்த்து, பக்கத்தில் விழும் வெளிச்சத்தில் பார்க்கச் செய்தவை. அப்பிரகமும் புடைப்பும் அப்போதுதான் எழும். அதற்காகவே ஒன்றாவது வாங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

விலைச் சீட்டில் இல்லாத செலவு

ஜப்பானிய ஏலத் தளங்களில் பல விற்பனையாளர்கள் வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். இடைத்தரகு சேவை வேண்டும். தரகுக் கட்டணம், உள்நாட்டு அஞ்சல், வெளிநாட்டு அஞ்சல், சுங்கம் எல்லாம் சேர்ந்தால் மலிவான நூலின் விலையைத் தாண்டிவிடும். நூறாண்டு கடந்த பொருளுக்குச் சுங்க விதி பல நாடுகளில் வேறு. வாங்கும் முன் உங்கள் ஊர் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஜப்பான் போகிறவர்கள் டோக்கியோவின் ஜின்போச்சோ பழைய புத்தகக் கடைத் தெருவில் நேரில் பார்த்து வாங்கினால் இந்தச் செலவில் பாதி மிஞ்சும், தவறான பிரதியும் கைக்கு வராது. அங்கே எடோ கால நூல்களுக்கென்றே கடைகள் இருக்கின்றன.

அப்புறம் வீட்டில் வைப்பது. சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் ஈரக்காற்றும் ராமபாணமும்தான் எதிரி. ஈரப்பதம் 50 விழுக்காட்டுப் பக்கம் இருக்கட்டும். அமிலமில்லாத அட்டைப் பெட்டியில் படுக்கவைத்து, மாதம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள். வந்த புதிதில் மற்றப் புத்தகங்களோடு சேர்க்காமல் சில வாரம் தனியே வைத்து, பூச்சித் தூள் விழுகிறதா என்று கவனியுங்கள். கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டவே கூடாது. கையுறை வேண்டாம், கழுவி உலர்த்திய கை போதும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

விற்பவரிடம் இந்தப் படங்களைக் கேளுங்கள்: முன்அட்டை, தலைப்புச் சீட்டு, இரண்டு பக்கமும் சேர்ந்து விரியும் ஒரு படம் தையல் ஓரம் தெரியும்படி, ஒரு முகமோ பறவைத் தலையோ மிக நெருக்கத்தில், பதிப்பு விவரத் தாள் முழுதாக, அட்டையின் உள்பக்கம், பூச்சி துளை அதிகமுள்ள பக்கம். மொத்தம் எத்தனை தாள் என்பதையும் கேட்டு, அருங்காட்சியகப் பிரதியோடு எண்ணிச் சரிபாருங்கள். இந்தப் படங்களை அனுப்பத் தயங்குகிறவரிடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.